மூன்றாம் விளக்கு

மாலை நான்கு மணிக்குப் பிறகு நான் தண்ணீர் குடிப்பதில்லை.
ஏறிவிட்டால் இரண்டரை மணி நேரம் இறங்க வழியில்லை.
நூலேணி. இடுப்புவார். கொக்கி விழும் சத்தம்.
ஓல்ஷ்டின் விளையாட்டரங்கின் கூரையடியில்
இரும்புச் சட்டத்தில் தொங்கும் ஒற்றை இருக்கை,
கால்மாட்டில் நாலாயிரம் தலைகள்.

இங்கே எனக்குப் பெயர் கிடையாது.
"மூன்று, தயாரா?" என்று காதுக்குள் கேட்கிறாள் போக்னா.
மூன்று தயார்.
அவளுக்குச் சளி. இருமும்போது பொத்தானை விட்டுவிடுவாள்;
விட மறந்த இருமல்களை
நாங்கள் நான்கு பேரும் பங்கிட்டுக்கொள்கிறோம்.

விளக்கின் முதுகில் டேப் போட்டு ஒட்டிய வளைந்த ஊக்கு,
அதுதான் என் குறிமுள்.
அதன் நுனியில் அவன் நெஞ்சை நிறுத்துகிறேன்,
பதினொரு இரவுகளாக.
பாட்டு என் காதில் விழுவதில்லை. விழுவதெல்லாம்
"மங்கட்டும்... இன்னும்... போதும்."
ஆனால் அவனுடைய இடது முழங்காலை எனக்குத் தெரியும்.
திரும்புமுன் அது ஒரு கணம் யோசிக்கும்.
அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு
அவன் போகுமிடத்துக்கு முந்திப் போய்விடுவேன்.
பிந்தினால் அது வெளிச்சமில்லை, துரத்தல்.

இன்றைக்கு ஆறாவது பாட்டில் நின்றுவிட்டான்.
சொல் மறந்ததா, மூச்சு முட்டியதா, தெரியாது.
ஒத்திகைத் தாளில் அப்படியொரு நிற்றல் இல்லை.
காதுக்குள் போக்னா இல்லை. இருமல்கூட இல்லை.
யாரும் சொல்லாமல் வட்டத்தைச் சுருக்கினேன்,
காலை விட்டு, கைகளின் நடுக்கத்தை இருட்டுக்குள் விட்டு,
முகம் மட்டும், ஒரு சாப்பாட்டுத் தட்டளவு.
கூட்டம் அதை நடிப்பென்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.
அந்தச் சத்தத்துக்குள் எங்கோ அவனுக்கு வரி கிடைத்துவிட்டது.
"யாரைக் கேட்டுச் சுருக்கினாய்?" என்றாள் போக்னா.
பிறகு, "சரி, விடு."

நள்ளிரவுக்குமேல் எல்லாம் கழன்று பெட்டிக்குள் போகிறது.
சாய்தளத்தில் சக்கரங்கள் இடி இடிக்கின்றன.
ஷெமோவித் என் காலுறையிலிருந்து
ஒரு வெள்ளிக் காகிதத்துணுக்கை உருவி
"இந்தா, சம்பளம்" என்று நீட்டுகிறான்.
நிஜச் சம்பளம் அறுபது நாள் கழித்து,
மூன்று முறை போன் செய்த பிறகு.

மூன்று மணிக்கு நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்.
வெளியே பனி சாய்வாக விழுகிறது.
தொத்திறைச்சி ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறேன்,
பின்னால் அவன். கம்பளித் தொப்பி, கண்ணோரம் கழுவாத மை.
தரைமட்டத்தில் என்னைவிடக் குள்ளம்.
காப்பி இயந்திரத்தைப் பார்த்து அந்த முழங்கால் யோசித்தது.
அதற்குள் நான் நகர்ந்துவிட்டேன்,
தோள் முன்னே, இடப்பக்கம், சரியாக அவன் வழியில்.

முட்டிக்கொண்டோம்.
"மன்னிக்கணும்," என்றான். "நாம் எங்கேயாவது பார்த்திருக்கிறோமா?"

இல்லை என்றேன்.
பாதிதான் பொய்.
கடுகு வேண்டுமா என்று கல்லாவிலிருந்த பெண்
இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.