இரண்டு பூட்டு

திருத்தணியில் மூன்று நாள் பயிற்சி.
பூசலை ஒரு மரமாக வரையச் சொன்னார்கள்:
வேரில் காரணம், கிளையில் விளைவு.
சுருட்டிய சார்ட்டும் பச்சை மார்க்கருமாகப்
பள்ளிப்பட்டு பஸ்ஸில் திரும்பினேன்.

ஏரி ஆந்திராவில்.
அது பாயும் வயல் நம் பக்கம்.
நடுவில் எல்லைக்கல்,
அதன்மேல் யாரோ காயப்போட்ட துண்டு.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.
போன தையில்,
மோட்டாரைக் கிணற்றில் தள்ளியபோது
என்றார் செங்கல்ராயன்.
இல்லை, அதற்கு முந்தின ஆவணியில்,
மஸ்தானய்யாவின் கை ஒடிந்த ராத்திரி
என்றார்கள் அந்தப் பக்கம்.
கை ஏன் ஒடிந்தது?
மதகுப் பலகையைப் பிடுங்கினான்.
பலகையை ஏன்?

அவரவர் அடி வாங்கிய நாளில்தான்
அவரவருக்கு வருஷம் பிறக்கிறது.

வேருக்கு இடம் போதாமல்
சார்ட்டைத் திருப்பிப் போட்டேன்.
தேசம்மா எட்டிப் பார்த்தார்.
"என்ன மரம் இது?"
சொன்னேன்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:
"மதகு தெறக்கிற நாகய்யா செத்து ஏழு வருசம்.
அவனுக்குக் கூலி நாலு மூட்டை நெல்லு.
புது ஆளுக்கு நீங்க குடுங்கன்னு அவங்க,
ஏரி யாருதோ அவங்க குடுக்கட்டும்னு நாம.
நாலு மூட்டை மிச்சம் புடிச்சோம்."

நாலு மூட்டை.
மோட்டார் முப்பதாயிரம்.
கைக்கு வேலூரில் எவ்வளவு ஆனதென்று
மஸ்தானய்யா சொல்லவில்லை.

முதல் கூட்டத்தில் செருப்பு பறந்தது.
அடுத்ததில் நான் மொழிபெயர்த்தேன்,
அவர்கள் 'நீரு' என்றதைத் தவிர.
நாலாவதற்கு யாருமே வரவில்லை;
வாங்கிய முறுக்கை நானே தின்றேன்.
ஐந்தாவதில் யதிராஜுலு,
அதுவரை வாயே திறக்காதவர்,
மதகுக்கு ரெண்டு பூட்டு போடலாம் என்றார்.
ஒரு சாவி இங்கே, ஒரு சாவி அங்கே.
பயிற்சியில் இதற்கு ஒரு பெயர் சொன்னார்கள்.
மறந்துவிட்டது.

இன்று முதல் தண்ணீர்.
செங்கல்ராயன் ஆறு மணிக்கே வந்து நிற்கிறார்.
மஸ்தானய்யா வரும்போது ஏழே கால்.
"மணி என்னய்யா ஆவுது?"
மாடு கன்று போட்டதாம், அதையும்
கத்தித்தான் சொல்கிறார்.
ஒருவர் தமிழில், ஒருவர் தெலுங்கில்,
கொக்குகள் எழுந்து போகும் அளவுக்கு.

வலக்கை இன்னும் முழுசாக மடங்காது.
இடக்கையால் சாவியைத் திருகுகிறார்,
பூட்டு கூடவே சுற்றுகிறது.
செங்கல்ராயன் குனிந்து
பூட்டைப் பிடித்துக்கொள்கிறார்,
திட்டுவதை நிறுத்தாமல்.