இரண்டு தாள்கள் சேருமிடம்

நேரு பிளேஸில் ஐந்தாவது மாடி.
கீழே டோனர் விற்பவர்களின் கூச்சல்.
என் திரையில் ஒரு மலை,
மேலிருந்து பார்க்க
அறுத்துப்போட்ட மரத்தின் வளையங்கள்போல.

கோட்டுக்குக் கோடு நாற்பது மீட்டர்.
நெருங்கினால் செங்குத்து.
விலகினால் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.
வடமேற்கில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
கறுப்புத் திட்டாகிவிட்டன:
அங்கே பனிகூட ஒட்டாது.
கிழக்குத் தோளில் மட்டும் நீலக் கோடுகள்,
நகர்வது தெரியாமல் நகரும் பனியாறு.

சிக்கல் உச்சியில்.
இரண்டு தாள்களின் ஓரம்
சரியாக அதன் தலைமேல் ஓடுகிறது.
இடது தாளில் 6114.
வலது தாளில் 6107.
வேறு ஆண்டு, வேறு ஆட்கள்,
ஒருவேளை வேறு பனி.
ஒட்டினால் நடுவில் ஏழு மீட்டர் படி.
மென்பொருள் சிவப்பாகச் சிமிட்டுகிறது.

"சராசரி போடுங்கள் மங்கை ஜி" என்றார் குஷ்வாஹா.
(மங்கையர்க்கரசி என்று சொல்ல
இந்த ஊருக்கு இன்னும் வாய் வரவில்லை.)
சராசரி என்றால் 6110.5.
இடது தாளின்படி அது
மலைக்குள் மூன்றரை மீட்டர் ஆழம்.
வலது தாளின்படி வெறும் காற்று.
எங்கே போய் நிற்பது?

நவம்பர். எதிர்க்கட்டடம்
நான்கு நாளாகக் காணவில்லை.

இரவுக் காவலுக்கு வரும் புஷ்கர் நேகி
திரையில் எழுத்துக் கூட்டினான்.
இந்த ஓடை தெரியும், இந்தப் பாலம் தெரியும்,
இதோ இந்தப் புள்ளி எங்கள் வீடு.
மலைக்கு என்ன பெயர் என்றேன்.
ஊரிலிருந்து தெரியாதே மேடம்.
முன்னால் ஒரு சின்ன மலை நிற்கிறது,
பெயர், கோயில், வருடா வருடம் சண்டை
எல்லாம் அதற்குத்தான்.
இதை நாங்கள் "பின்னாடி" என்போம்.
ஆடு பின்னாடி போய்விட்டது என்றால்
அப்புறம் யாரும் தேடமாட்டோம்.

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போன பிறகு
கோடுகளை இரு ஓரங்களிலும் நிறுத்தினேன்.
நடுவில் ஒன்றும் வரையவில்லை.
காலையில் குஷ்வாஹா கத்தட்டும்.

லிஃப்ட் ஓடவில்லை.
எண்ணிக்கொண்டே இறங்கினேன்.
நாற்பத்திரண்டாவது படியில் மூன்றாம் மாடி.
ஏழு மீட்டர்.
சுவரில் பான் கறை,
யாரோ வைத்துவிட்டுப்போன காகிதக் கோப்பையில்
ஆறிய டீ.
அண்ணாந்து பார்த்தேன்.
நான் அணைக்காமல் வந்த விளக்கு
இங்கிருந்து தெரியவில்லை.