ஒரே அடி

பகலில் பல் செட்டு,
ராத்திரி பேண்டு செட்டு.
காரைக்குடி, செக்காலை ரோட்டுக்குப் பின்சந்து.
ஒரே மேசை, ஒரே ஸ்பிரிட் விளக்கு.
மீட்டர் பார்க்க ஆள் வந்தால் மட்டும்
ட்ராம்போனைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன்.

பல்லுக்குக் கட்டும் கம்பியை முறித்து
கிளாரினெட்டுக்கு ஸ்பிரிங் வைப்பேன்.
ஈறு செய்கிற ரோஸ் மாவில் கரி கலந்து
கட்டையில் ஓடிய கீறலை அடைப்பேன்.
மூடித் தட்டுகள் மட்டமா என்று பார்க்க
மூலை உடைந்த ஆத்தங்குடிக் கல் ஒன்று உண்டு.
கண்ணாடிமேல் வார்த்தது.
அதைவிடச் சமமாக இந்தப் பக்கத்தில்
எதுவும் கிடையாது,
பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடு உட்பட.

கரண்ட் போனால் தெரு திட்டும்.
நான் சாக்ஸபோனுக்குள்
பேட்டரி பல்பை இறக்கிவிட்டுக் காத்திருப்பேன்.
வெளிச்சம் கசிகிற இடத்தில்தான்
காற்றும் கசியும்.

பங்குனிக் கடைசியில் பள்ளத்தூரிலிருந்து ஒருவர்
துண்டில் சுற்றிய ட்ரம்பெட்டோடு வந்தார்.
புனல் ஓரம் உள்வாங்கியிருந்தது.
"மேல ஏறினா உடையுது. முன்ன அப்படி இல்ல."
ரசீதுக்குப் பேர் கேட்டேன்.
சேவுகன் என்றார். எழுதிக்கொண்டேன்.

மரச்சுத்தியால் நெளிவு எடுத்தேன்.
வால்வு மூன்றையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினேன்.
எச்சில் துவாரத்துக்குப் புதுத் தக்கை.
பஞ்சர் பார்ப்பதுபோல்
அண்டாத் தண்ணீரில் அமுக்கி ஊதினேன்.
ஒரு குமிழி இல்லை.

வந்தார். ஊதினார்.
கீழே இருப்பதெல்லாம் வந்தது,
மேலே போனதும் புஸ்.
அவிழ்த்தேன், மாட்டினேன்.
மறுவாரமும் புஸ்.
"எதையோ விட்டுட்டீங்க ஜெசிந்தாம்மா" என்றார்.
கோபமாகச் சொல்லவில்லை.
அதுதான் சுட்டது.

காசைத் திருப்பித் தந்து
ரசீதைக் கிழித்துவிடலாம் என்று
பேரை மறுபடி கேட்டேன்.
'சே'யில் காற்று கசிந்தது.

வாயைத் திறங்க.

மீசைக்குக் கீழே, மேல்வரிசையில்,
நடுவுக்கு இடப்பக்கம்
ஒரு சன்னல்.

"தேர் நிலைக்கு வந்தப்ப நெரிசல்.
எவனோ முழங்கையால புனல இடிச்சான்,
புனல் என் வாய இடிச்சுது.
பல்லுக்கென்ன, சோறு திங்க மிச்சம் இருக்கே."

ஒரே அடி.
விழுந்தது இரண்டு இடம்.
ஒன்றைத்தான் துண்டில் சுற்றி எடுத்துவந்திருக்கிறார்.
நானும் மூன்று வாரம்
பித்தளையின் வாய்க்குள் தேடியிருக்கிறேன்,
பல் செய்து பிழைப்பவள்.

அளவெடுக்கக் கல்லுக்கட்டி டாக்டரிடம் அனுப்பினேன்.
நான் வார்ப்பவள்தான்.
நிறம் மட்டும் நானே பார்த்தேன்: ஏ மூணரை.
டீயும் பீடியும் சேர்ந்து காய்ச்சிய மஞ்சள்.
வெள்ளையாப் போடுங்களேன் என்றார்.
பக்கத்துப் பல் காட்டிக்கொடுக்கும் என்றேன்.
கழற்றி மாட்டுகிற பல் ஊதும்போது ஆடும்;
இரண்டு பக்கமும் பிடித்துக் கட்டியதுதான் நிற்கும்.
விலையைச் சொன்னதும் கொஞ்சநேரம்
ட்ரம்பெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்று தவணை:
இரண்டு சாவு, ஒரு பூப்பு நீராட்டு.

பல் வைத்த அன்று இங்கேயே ஊதிப் பார்த்தார்.
வெறும் காற்று.
உதடு அதற்குள் சன்னலுக்குப் பழகியிருந்தது.
"வேற எவனோ ஊதுற மாதிரி இருக்கு."
துண்டில் சுற்றிக்கொண்டு, வரேன் என்றார்.
ச வருகிற சொல்லாகப் பார்த்து
ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆடி பாதி கழிந்து ஒரு சாயங்காலம்
மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன்.
மெயின் ரோட்டில் யாருடைய பாடையோ போகிறது.
ட்ரம் அதிர்ச்சியில் மேசைமேல்
பாதி முடிந்த கடைவாய் ஒன்று நகர்கிறது.
அதற்கு மேலே ட்ரம்பெட்.
ஏறுகிறது.
கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன்.
இன்னும் ஏறுகிறது,
நிற்கிறது,
நுனியில் மட்டும் மெல்லிசாக ஒரு விசில்.

அரை மில்லி நீளம் அந்தப் பல்.
வரட்டும்,
அராவிக்கொள்ளலாம்.