இருபதை நோக்கி ஏழு

வெள்ளைக் கம்பளத்தில் உட்காரவைத்துத் தூக்கி
வெயில் போகும் பக்கமாக ஒன்பது முறை சுற்றினோம்.
சுற்றுக்கு ஒருமுறை கூட்டம் மண்டியிட்டது.
பிறகு பட்டை என் கையில் தந்தார்கள்.
தெற்கிலிருந்து திறையாக வந்த பட்டு,
கழுத்தில் போட்டால் நழுவும்.
விரலில் இரண்டு முறை சுற்றிக்கொண்டேன்.

வழக்கம் இதுதான்:
உயிரின் விளிம்புவரை இறுக்கு,
சட்டென்று விடு,
எத்தனை ஆண்டு ஆள்வாய் என்று கேள்.
அந்த மயக்கத்தில் நாக்கு உளறுவது
வானத்தின் கணக்கு.

யாருக் தெகின் கண் செருகச் சொன்னான்:
"யெத்தி..."
"ஏழு!" என்று ஆர்ப்பரித்தார்கள் ஒன்பது குலத் தலைவர்கள்.
முரசு அதிர்ந்தது.
சோக்தியன் வக்ஷுவந்தக் ஒரு கோலை எடுத்து
ஏழு வெட்டு வெட்டினான்.

அவன் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில்
என் காது மட்டும்தான் இருந்தது.
முரசுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது இன்னொரு சொல்:
"...யிகிர்மி."
எங்கள் மொழியில் பதினேழு அப்படித்தான்.
யெத்தி யிகிர்மி.
இருபதை நோக்கி நடக்கும் ஏழு.

சொல்லியிருக்கலாம்.
முரசை நிறுத்தச் சொல்ல ஒரு தொண்டை வேண்டும்.
என்னிடம் இருந்தது ஒரு மனைவியும் நாற்பது ஆடும்.

நல்ல ஆட்சிதான்.
சொந்தச் சித்தப்பன் திருடிய குதிரைகளை
விதவைகளின் கூடாரத்துக்கே ஓட்டிப்போய்க் கட்டினான்.
எல்லைப் படைக்கு முன்னால் தூங்காமல் ஏப்பம் விடுவான்.
நான்காம் ஆண்டு, குமிஸ் போதையில்,
"அன்றைக்கு நான் என்னதான் சொன்னேன்?
எனக்கே நினைவில்லை" என்றான்.
"ஏழு" என்றேன்.
"கஞ்சன் வானம்" என்று சிரித்தான்.

ஏழாம் குளிரில்
பனி உருகி, மறுபடி உறைந்து,
புல்லின்மேல் கண்ணாடி போட்டது.
குதிரைகள் நின்றபடியே செத்தன;
தள்ளினால்தான் விழுந்தன.
வானம் கணக்குக் கேட்கிறது என்றார்கள் தலைவர்கள்.

போனபோது சேணவாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.
"அதே பட்டா?"
"இல்லை. அதை உங்கள் மகள்
பொம்மைக்குக் கிழித்துவிட்டாள்."
தையலை முடித்தான், நூலைப் பல்லால் கடித்தான்.
"ஏதாவது சொல்ல வேண்டுமா உனக்கு?"
குளிர் அதிகம் என்றேன்.
உண்மையாகவே அதிகம்தான்.

வசந்தத்தில் அவன் தம்பி மகன் துர்மிஷ்.
கம்பளம், ஒன்பது சுற்று, புதுப் பட்டு.
இந்த முறை என் விரல்கள் தாமாகவே தளர்ந்தன.
எத்தனை ஆண்டு என்று கேட்டேன்.
பையன் கண் விழித்து,
"தண்ணீர்" என்றான்.

முரசுக்காரன் கோலை ஓங்கியிருந்தான்.
"யெத்தி யிகிர்மி!" என்று கத்தினேன்,
இரண்டு சொல்லையும்
ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்படி.

வக்ஷுவந்தக் வெட்டத் தொடங்கினான்.
எட்டாவது வெட்டில் கத்தி நின்றது;
என்னை ஒருமுறை பார்த்தான்.
பிறகு வெட்டினான்.