அலாவெர்தி

குத்தாயிசியில் எங்கள் தெருவில்
என்னைப்போல் வாழ்த்துச் சொல்ல ஆள் கிடையாது.
வயது இருபத்தாறு. அதற்குள் மூன்று கல்யாணங்களில்
விருந்துத் தலைவனாக உட்கார்ந்தாயிற்று.
முதல் கோப்பை சமாதானத்துக்கு.
அப்புறம் மண்ணுக்கு, பெற்றவர்களுக்கு,
இறந்தவர்களுக்கு, அதற்கு மட்டும் எழுந்து நிற்க வேண்டும்.
பெண்களுக்கான கோப்பையில் நான் பேசியதைக் கேட்டு
கறிக்கடை மாமூக்கா தேம்பித் தேம்பி அழுதார்.
அவர் மனைவி அப்போது
சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

கையில் ஒயின் இருக்கும்வரை அழலாம்.
கோப்பையைக் கீழே வைத்ததும்
மூக்கைத் துடைத்துக்கொண்டு ரக்பி பற்றிப் பேச வேண்டும்.
யாரும் சொல்லித் தந்ததில்லை.
எல்லோருக்கும் தெரியும்.

எலீசோவோடு இரண்டு வருடம்.
ஆற்றுப் பாலத்தில் நின்று
"என்ன யோசிக்கிறாய்?" என்று கேட்பாள்.
"ஒன்றுமில்லை."
அவள் வீட்டு அடுப்பைச் சரிசெய்தேன்.
அவள் நனைந்து வந்த நாளில்
நகராட்சியைத் திட்டினேன்.
அவள் அப்பா செத்தபோது பெட்டி தூக்கினேன்,
முன்பக்கம், இடது மூலை.
தோள் கன்றிப்போனது.
அவளிடம் மூன்று நாள் ஒரு சொல் பேசவில்லை.
சட்டையை விலக்கிக் கன்றியதைக் காட்டலாமா என்று யோசித்தேன்.
காட்டவில்லை.

பெர்காமோ விமானம் காலை ஆறு பத்துக்கு.
படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை.
இரண்டே வருடம் என்றாள்.
எங்கள் ஊரிலிருந்து போகிற பெண்கள்
எல்லோருக்கும் அது இரண்டே வருடம்தான்.
பெட்டி எடை கூடிவிட்டது.
புளிப்புப் பிளம் சாஸ் இரண்டு பாட்டிலை
வெளியே எடுத்து என்னிடம் கொடுத்தாள்.
வரிசை நகர்ந்தது.
"சொல்ல ஏதாவது இருக்கிறதா, தோர்னிக்கே?"

வாயில் ஒன்றுமே இல்லாமல்
மென்று விழுங்கினேன்.

"பெட்டிச் சக்கரம் ஒன்று ஆடுகிறது.
இடது பக்கம் சாய்த்து இழு."

இடது பக்கம் சாய்த்தே இழுத்துப் போனாள்.
கண்ணாடிக் கதவு வரைக்கும்.
திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டில்
பாட்டில் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்தன.

அலாவெர்தி என்று எங்களிடம் ஒரு வழக்கம்:
தொடங்கிய வாழ்த்தை
நடுவில் இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம்.
வாங்கியவர் மறுக்கக் கூடாது.

நேற்று மாமூக்கா பேரனின் ஞானஸ்நான விருந்து.
பெண்களுக்கான கோப்பை. எழுந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
வெகுநேரம் நின்றேன்.
அதை ஒரு உத்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.
மாமூக்கா முன்கூட்டியே கண்ணைத் துடைத்தார்.
வாசலில் ஈரக் கையோடு நின்ற அவர் மனைவியைப் பார்த்து
"அலாவெர்தி உங்களுக்கு" என்றேன்.
மேசை அடங்கிப்போனது.
"இப்போதா?" என்றாள்.
"ரொட்டி கருகுகிறது."
உள்ளே போய்விட்டாள்.
அவள் சொன்னதுதான்
அன்றிரவு அந்த மேசையில் விழுந்த ஒரே உண்மை.

கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
பனி. யாரோ ஒருவரின் நாய்.
நாலாவது மணிக்கு எடுத்தாள்.
பின்னால் யாரோ இருமினார்கள்.
"அன்றைக்குச் சக்கரம் ஆடுகிறது என்றேனே," என்றேன்,
"நான் சொல்ல வந்தது சக்கரத்தைப் பற்றி இல்லை."

"அது அன்றைக்கே கழன்றுவிட்டது," என்றாள்.
பிறகு காத்திருந்தாள்.

என் கையில் கோப்பை இல்லை.