மூன்று வருஷக் கசிவு

பெர்கனில் மழை பெய்யாத நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
காப்பீட்டு அலுவலகத்தில் அதனால்
வேலைக்குப் பஞ்சமில்லை.

ஈரச் சுவர்களைப் பார்த்துவரப் போவாள் தோருன்.
படிவம் கேட்பது நீளம், அகலம், தொகை.
அவள் எழுதுவாள்:
‘கறையின் ஓரம் ஆறிய தேநீர் நிறம்;
நடுவில் பூஞ்சை, எறும்பு மொய்த்த மாதிரி.’
‘எத்தனை குரோன், அதைச் சொல்’ என்பார்
மேலாளர் ஹல்வார்.

ஒன்பது வருஷம்.
ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட் ஐந்தாம் மாடியில் திறந்தது.
இறங்காமல் நின்றாள்.
கதவு மூடிக்கொண்டது.
அவ்வளவுதான்.

நாடக அரங்கில் பாதிச் சம்பளம்,
கணுக்கால்வரை பெயின்ட்.
வாடகைக்காக சைக்கிளை விற்றாள்,
நடந்து நனைந்தாள்.
முதல் வேலை: ஒழுகும் வீடொன்றின் சுவர்.
ஸ்பாஞ்சு, உப்பு, நிஜமாகவே ஆறிய தேநீர்,
விடிய விடிய.

முதல் காட்சிக்கு ஹல்வார் வந்திருந்தார்.
மேடையில் அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள்.
அவர் கண் சுவரைவிட்டு நகரவில்லை.
வாசலில் குடையை விரித்தபடி சொன்னார்:
‘குறைந்தது மூன்று வருஷக் கசிவு.
சல்லிக்காசுகூடத் தரமாட்டோம்.’

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள்.