ஆலங்கட்டிக் கணக்கு

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை
எலுமிச்சம்பழப் பருமனில் ஆலங்கட்டி விழுந்து
எங்கள் கூரை சல்லடையானபோது
டெல்பர்ட் சிரித்தார்.

பன்னிரண்டு நிமிடம்தான் பெய்தது.
நெப்ராஸ்காவில் ஒரு வீட்டுக்கு அது போதும்.
“காப்பீட்டுக்காரன் காசோலை அனுப்புவான், மார்லிஸ்.
கூரைக்காரனுக்குப் புது அட்டையில் கொடுப்போம்.
அறுபதாயிரம் பாயிண்ட்!”
நனைந்த மெத்தையைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த நான்
அந்த மனிதரை அன்றைக்கு உயிரோடு விட்டதற்கு
எவரும் எனக்குப் பாயிண்ட் தரவில்லை.

தானியக் கிடங்கில் எடை போடுகிறவர் அவர்.
முப்பத்தொரு வருஷமாக
லாரி ஏறும், இறங்கும்,
இவர் எண்ணை எழுதுவார்.
வேறு எதையும் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

தேவாலயத்துப் பான்கேக் விருந்துக்கு
மாவும் முட்டையும் இவர் அட்டையில்.
பாதிரியார் உண்டியல் சில்லறையாகவே திருப்பிக் கொடுத்தார்,
எண்ணி முடிக்க ஒரு ஞாயிறு போயிற்று.
என் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை,
ஆயிரத்து நானூறு டாலர், அட்டையில்.
தம்பி லூமிரின் டிராக்டருக்கு டயர்,
மூவாயிரம், அட்டையில்.
லூமிர் பணம் தரவில்லை;
பாயிண்ட் மட்டும் நாள் தவறாமல் வந்தது.

அக்டோபரில் யூட்டாவுக்குப் பறந்தோம்.
நான் உட்கார்ந்திருந்தது கூரையின் மேல்.
ஜன்னலோரம் டெல்பர்ட், டயரின் மேல்.
டோரி ஊர் விடுதியில் மூன்று இரவு
என் பல்லுக்குள் படுத்து உறங்கினோம்.

கேபிடல் ரீஃப்.
பாறைகள் சிவப்பு என்று சொன்னால் போதாது,
அடுப்பை அணைத்த பிறகும் கனன்றுகொண்டிருக்கும் சிவப்பு.
பள்ளத்தாக்கின் வாயில் ஒரு பலகை:
மேகம் கருத்தால் உள்ளே போகாதே.
சிறுதுளி பெருவெள்ளம்.
என் புருஷனின் வேதம் அது.
இங்கே யாரோ அதை
ஆள் சாகும் என்று எழுதி நட்டிருந்தார்கள்.
அவர் இரண்டு தடவை படித்தார்.

நான்காம் இரவுக்கு
அறுநூற்றுப் பத்து பாயிண்ட் குறைந்தது.
வரவேற்பு மேசைப் பெண், பெயர்ச் சீட்டில் பிரிண்டி,
இருபது வயசு, வாயில் சூயிங் கம்,
“நூற்றெண்பத்தொன்பது டாலர் ஆகும்” என்றாள்.
டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார்.
“காரிலேயே படுத்துக்கொள்ளலாம்” என்றார்,
அறுபத்துநாலு வயசு முதுகை வைத்துக்கொண்டு.

கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்தேன்.
நூறு டாலர்த் தாள்கள், ரப்பர் பேண்டு போட்டு,
டிராக்டர் எண்ணெய் வாசனையோடு.

அறைக்கு வரும்வரை அவர் பேசவில்லை.
“லூமிர் எப்போது கொடுத்தான்?”
“ஆகஸ்டில்.”
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தவர்
அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.
மூன்று மாதமாகத் தம்பியோடு பேச்சில்லை அவருக்கு.
அது எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் வைத்திருந்தேன்.
ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
எண்ணில் வராத பணம் கொஞ்சம்
எனக்கும் வேண்டியிருந்தது.
கேட்கவில்லை.

மறுநாள் காலை பூங்காவின் பழத்தோட்டம்.
உள்ளேயே தின்றால் கணக்கில்லை,
கொண்டுபோனால் எடைக்குக் காசு.
மரத்தடியில் ஒரு தராசு, ஓர் இரும்புப் பெட்டி,
பார்த்துக்கொள்ள ஆளில்லை.
பழக்கதோஷம், முதலில் தராசைத்தான் தட்டிப் பார்த்தார்.
அரை அவுன்ஸ் கூடுதலாகக் காட்டுகிறது என்றார்.
அப்படியே இருக்கட்டும் என்று
முழுக் காசையும் போட்டார்,
ரசீது கேட்காமல்.
பிறகு மரத்தடிக்குத் திரும்பிப் போய்
ஒன்று, இரண்டு, நாலு ஆப்பிள்,
தாடியில் சாறு வழிய,
நின்ற இடத்திலேயே தின்றார்.

சலைனா வரை ஒரு வார்த்தையில்லை.
ரேடியோவும் கிடைக்கவில்லை.
பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில்
அட்டையை எடுத்தவர், நீட்டாமல்,
“எவ்வளவு மிச்சம்?” என்றார்.

எதைக் கேட்கிறார் என்று தெரியாமல்
மடியில் இருந்த ஆப்பிள்களை எண்ண ஆரம்பித்தேன்.